மூல போச்சு, யாரு கையில?

அந்தச் சலவைக் கூடத்தில் பாட்டு இல்லாமல் ஒரு விரிப்பும் மடிந்ததில்லை. அதற்காக அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் சங்கீதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பாதிப் பேருக்குத் தகர டப்பாக் குரல். பாட்டுக்குக் காரணம் ஆவிதான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகள் தொட்டியில் வெந்து, உருளையில் அழுந்தி, சுடச்சுட மடிப்புக்கு வரும்போது அந்த நீளக் கூடம் முழுக்க வெள்ளையாக ஆவி நிற்கும். விரிப்பின் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனையில் நிற்பவர் தெரியமாட்டார். இரண்டு பேரும் ஒன்றாக உதறி, ஒன்றாக முன்னால் வந்து, மூலையோடு மூலையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கண்ணை நம்பினால் நடக்காது என்பதால் காதை நம்பினார்கள். ஒருவர் முன்பாட்டு எடுப்பார், கூடம் பின்பாட்டு பாடும், தாளம் விழுகிற இடத்தில் மூலை கைமாறும்.

யாராவது தாளத்தைத் தவறவிட்டு மூலையைக் கீழே போட்டால் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. திட்டமாட்டார்கள். முன்பாட்டுக்காரர் "மூல போச்சு, மூல போச்சு" என்று எடுப்பார். "யாரு கையில, யாரு கையில?" என்று கூடம் கேட்கும். முன்பாட்டுக்காரர் ஆளைக் காட்டிக்கொடுத்து, கூடவே ஒரு கேலி அடியையும் அவிழ்த்துவிடுவார். கேலிக்கு ஆளானவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். பதில் வருகிறவரைக்கும் அத்தனை பேரும் விரிப்பைப் பிடித்தபடி நிற்பார்கள். மேஸ்திரியே ஒரு தடவை ஆள் குறைந்த நாளில் மடிக்க வந்து, மூலையைப் போட்டு, ராகமில்லாமல் எதையோ முனகிவிட்டுத்தான் தப்பித்தார்.

மடிக்கிறவர்களில் ஒருத்திக்கு அங்கே 'அவசரம்' என்று பேர். தாளம் விழுவதற்கு ஓர் இமை முன்னாலேயே அவள் கை போய்விடும். எத்தனை வருஷமானாலும் திருந்தாத கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் மூலையைப் போட்டபோது, ஆவிக்குள்ளிருந்து முன்பாட்டுக்காரரின் குரல் அவளைத் தேடி வந்தது.

"அவசரக்காரி கையில - அங்க
அடுப்புல பால வச்சாளோ?"

கூடம் சிரித்த சிரிப்பில் அவள் காது இரண்டும் சுட்டன. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"பாலும் இல்ல அடுப்பும் இல்ல - இங்க
பாத்த கண்ணுதான் சும்மா இல்ல!"

சும்மா சொல்லக் கூடாது, பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் கரி அள்ளுகிற கரண்டியும் கையுமாக ஓடிவந்து யார் இந்தப் பெண் என்று எட்டிப் பார்த்தார். பாட்டுக்காரர் அன்றைக்கு மேற்கொண்டு பாட மறந்து நின்றார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அதன் பிறகும் அவள் மூலையைப் போடும்போதெல்லாம் அதே பால்தான், அதே அடுப்புதான். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சலித்துப்போனது. அந்த இரண்டு பேருக்கும் சலிக்கவே இல்லை.

அப்படிப்பட்ட பாட்டு ஒரு நாள் காலையில் பாதி அடியில் நின்றது. ஆவி அன்றைக்கு ரொம்ப அடர்த்தி. எல்லோரும் அடுத்த சொல் வரும் என்று விரிப்பை ஏந்திக்கொண்டு நின்றார்கள். வெள்ளைக்குள் வெள்ளையாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், கூடமே மிதப்பதுபோல் நின்றது. சொல் வரவில்லை. அவள்தான் முதலில் கையிலிருந்ததைப் போட்டாள். விரிப்புகளை விலக்கி விலக்கி ஓடிப் பார்த்தாள். அவர் கீழே சரிந்து, சுவரில் சாய்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

பிழைத்துக்கொண்டார். கால் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்க வந்தது. வலது கை பாதிதான் வந்தது. பேச்சு மட்டும் போனது போனதுதான். போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருந்தது. நாளைக்கு. பசிக்கிறதா என்றால் நாளைக்கு. தலை வலிக்கிறதா என்றால் நாளைக்கு. அவர் வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறப்பார். வந்து விழுவது அந்த ஒரு சொல். விழுந்ததைக் கேட்டு அவரே திடுக்கிடுவார். அவருக்கு எல்லாம் புரிகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, சொல் வருகிற வழிதான் அடைத்துக்கொண்டது, அந்த 'நாளைக்கு'வுக்கு ஓர் அர்த்தமும் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள்.

ஆஸ்பத்திரியிலேயே அவருடைய அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். லாரி ஓட்டுகிறவர், தாய் தகப்பன் போன பிறகு தம்பியையும் தங்கையையும் தூக்கி வளர்த்த மனிதர். பேச்சு ஹாரன் மாதிரி இருக்கும், மனசு வேறு.

"ஏம்மா, நீ காலையில போனா சாயங்காலம்தான் வர்ற. இவன் ஒத்தையா சுவத்தப் பாத்துக்கிட்டு எப்படிக் கெடப்பான்? என் வீட்ல ஆள் இருக்கு, பேரப் புள்ளைங்க இருக்கு. மழை நிக்கட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அவரு என்ன நெனைக்கிறாரோ மாமா..."

"அவன் வாயால இங்கயே இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் கூட்டிட்டுப் போற பேச்சையே எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எங்கே போவாள்? வீட்டுக்கு வந்ததும் கேட்டுப் பார்த்தாள். உங்களுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகணும்போல இருக்கா, என்கூட இருக்கணும்போல இருக்கா? அவர் நெடுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"நாளைக்கு," என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தலையை ஆட்டியாவது காட்டுங்கள் என்று கெஞ்சினாள். அதையும் அவர் செய்யவில்லை. அவளுக்குச் சுமையாக இருக்கிறோம் என்று நினைக்கிறாரா, இல்லை அவளிடமே சலித்துவிட்டதா என்று தெரியாமல் அவள் தவித்தாள். மனசுக்குள் ஒரு நாளைக்கு நூறு முறை அவர் போனார், நூறு முறை திரும்பி வந்தார்.

பார்க்க வருகிறவர்கள் வேறு படுத்தி எடுத்தார்கள். பேச்சுதான் போனது, காது போகவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாம் செவிடரிடம் பேசுகிறாற்போல் கத்தினார்கள். சிலர் அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி அவளிடம் விசாரித்தார்கள். எல்லோரும் இழவு வீட்டு முகத்தோடு உட்கார்ந்து, காபியை ஆறவிட்டுக் குடித்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. அவர் கஞ்சியைப் பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினார், அப்புறம் கால் கிண்ணத்தில் நிறுத்தினார்.

அந்த மௌனத்தை உடைத்தவள் நாத்தனார். அவளும் சலவைக் கூடத்தில்தான், கிழிந்த விரிப்புகளை ஒட்டுப்போடுகிற தையல்காரி. பின் தெருவில் வீடு. அவள் வாய்க்கு வேகத்தடை கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் மாத்திரையும் தண்ணீருமாக அண்ணன் முன்னால் நின்று, மாத்திரை போட்டுக்கிறியா என்று கேட்டாள்.

"நாளைக்கு."

"ஏன் அண்ணா, கடங்காரனுக்குச் சொல்ற பதில எனக்குச் சொல்ற? நான் என்ன வட்டி கேக்கவா வந்தேன்?"

அவளுக்கு உயிரே நின்றுவிட்டது. இப்படியா பேசுவது என்று நாத்தனாரை இழுக்கப் போனாள். அதற்குள் படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் பாதிதான் மலர்ந்தது. ஆனால் சிரிப்பு முழுசாக இருந்தது. உருண்டு உருண்டு, கடைசியில் ஒரு விக்கலோடு முடிகிற அவருடைய சொந்தச் சிரிப்பு, ஒரு கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது. அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதாள். அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணம் காலியானது.

மழை விடவில்லை. கூடத்தில் உருளை பழுதாகி நின்றது. ஆளுக்கொரு மூட்டை ஈர விரிப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் உலர்த்தி மடித்துக்கொண்டு வரச் சொன்னார் மேஸ்திரி. அவள் வீடு மொத்தமே ஒரு அறை, ஒரு சமையலறை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டி, கட்டிலுக்கு மேலும் கதவுக்குக் குறுக்கேயும் விரிப்புகளைத் தொங்கவிட்டாள். மின்விசிறிக் காற்றில் எல்லாம் மெதுவாக அசைந்தன. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு விரிப்பாகக் கடந்து வந்து, பால் நிறமாகி, அவர் படுக்கையில் விழுந்தது. சோப்பு வாசனையும் ஈர வாசனையும் மழைச் சத்தமும் சேர்ந்துகொண்டு, வீடு தரையில் இருக்கிறதா மேகத்துக்குள் இருக்கிறதா என்று சந்தேகம் வரும்படி செய்துவிட்டன. அவர் சுவர்ப்பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் காய்ந்தவற்றை மடிக்க நாத்தனார் வந்தாள். இரண்டு பேரும் பாட்டில்லாமல் மடித்தார்கள். அவர் முன்னால் எப்படிப் பாடுவது? பாட்டில்லாத மடிப்பு கோணல்மாணலாக வந்தது. பொறுத்துப் பார்த்த நாத்தனார் வாய்க்குள் மெல்ல முனகத் தொடங்கினாள். அவளும் பின்பாட்டை முனகினாள். பழைய புத்தி போகுமா? தாளத்துக்கு ஓர் இமை முன்னால் கை போயிற்று. மூலை தரையில் விழுந்தது.

இரண்டு பேரும் விரிப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். கூடத்தில் நின்று நின்று உடம்பில் ஏறிப்போன பழக்கம். அடுத்து யார் பாடுவார், பாட ஆள் ஏது என்று அவளுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது. குனிந்து மூலையை எடுக்கப் போனாள்.

"மூல... போச்சு, மூல போச்சு..."

தொங்குகிற விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். துருவேறிய குரல்; ஆனால் ராகம் இம்மி பிசகவில்லை.

"யாரு கையில, யாரு கையில?" நாத்தனாரின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அவசரக்காரி கையில - அங்க
அடுப்புல பால வச்சாளோ?"

ஒரு சொல் தடுக்கவில்லை. ஒரு எழுத்து நழுவவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரிப்புகளுக்கு அந்தப் பக்கம் அவர் பதிலுக்குக் காத்திருந்தார். வழக்கம் வழக்கம்தானே. பாலும் இல்ல, அடுப்பும் இல்ல என்று தொடங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தையும் பாடி முடித்தாள். உருண்டு உருண்டு அந்தச் சிரிப்பு வந்தது. அவள் விரிப்புகளை விலக்கி ஓடினாள். "என்னங்க, பேசுங்க, என்ன வேணும் சொல்லுங்க," என்றாள்.

"நாளைக்கு," என்றார் அவர். முகம் சுருங்கிவிட்டது.

இப்படி நடப்பது உண்டு என்றாள் டாக்டரம்மா. பேச்சு ஒரு வாசல் வழியாக வருகிறது, பாட்டுக்கு வேறு வாசல், பேச வேண்டியதைப் பாட்டாகவே கேட்டுப் பழக்குங்கள் என்றாள். அவ்வளவுதான், வீடு நாடகக் கொட்டகை ஆயிற்று. அவள் கஞ்சி வேண்டுமா என்பதை மடிப்புப் பாட்டு மெட்டில் கேட்டாள். நாத்தனார் மாத்திரையைத் தாலாட்டு மெட்டில் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ தெரியாது. சர்க்கரை கடன் கேட்க வந்த அந்த வீட்டுக்காரி வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, கேட்க வந்ததை மறந்து திரும்பிப் போனாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனாலும் அவர் வாயில் பழைய அடிகள்தான் வந்தன. புதுச் சொல் என்று எதுவும் வரவில்லை. அவர் முயன்றால் ராகம் போகும், சொல் வர வேண்டிய இடத்தில் 'நாளைக்கு' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கிடையில் அவள் ஒரு திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தாள். மடிக்கும்போது வேண்டுமென்றே மூலையை நழுவவிட்டாள். அந்தப் பால் அடியைக் கேட்க வேறு வழி? விழுந்ததும் அய்யய்யோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தாள்.

மழை நின்றது. அது நிற்க வேண்டாம் என்று அவள் வேண்டிக்கொண்டது யாருக்கும் கேட்கவில்லை. வானம் வெளுத்த காலையிலேயே லாரிக்காரர் வாசலில் நின்றார், கையில் ஒரு பை ஆரஞ்சோடு. உள்ளே வந்தவர் விரிப்புகளுக்கு நடுவில் வழி தெரியாமல் முட்டிக்கொண்டு, ஒன்றை விலக்கினால் இன்னொன்று முகத்தில் விழ, கடைசியில் தம்பியின் கட்டிலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய், என்னோடு வருகிறாயா என்று கேட்டார்.

"நாளைக்கு."

"சரிடா. நாளைக்கே போலாம். எனக்கும் இன்னைக்கு வண்டியில வேல இருக்கு," என்றார் அண்ணன், கண் கலங்கி.

நாத்தனார் சிரித்துவிட்டாள். அடக்க அடக்க வந்தது. அது அப்படி இல்லை அண்ணா, தண்ணி வேணுமான்னு கேட்டாலும் அதேதான் என்று விளக்கினாள். லாரிக்காரர் விழித்தார். பாட்டு விஷயத்தையும் சொன்னார்கள். பழைய பாட்டைக் கிளிப்பிள்ளைகூடப் பாடும், அவனுக்கு என்ன வேண்டும் என்று அவன் சொல்லட்டும் என்றார். அதுவும் நியாயம்தான். வெடுக்கென்று எதிர்த்துப் பேசத் தெரிந்தவள்தான் அவள். ஆனால் வளர்த்தவரிடம் என்ன சொல்வாள்? புருஷனுடைய சட்டைகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம் எடுத்து வைத்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

காலையிலேயே கூடத்துக்குப் போக வேண்டிய விரிப்புகள் கொடியில் இருந்தன. நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். "சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும், குடும்மா, நான் புடிக்கிறேன்," என்று லாரிக்காரர் எழுந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்த கைக்கு விரிப்பு ஒரு பெரிய காரியமா என்கிற தோரணை. அவள் பழக்கத்தில் மெல்லப் பாட்டை எடுத்தாள். அவர் முன்னால் வரச் சொன்னால் பின்னால் போனார், உதறச் சொன்னால் சுருட்டினார். மூலையைக் கொடுக்க வேண்டிய இடத்தில் எந்த மூலை என்று தேடினார். இரண்டும் விழுந்தன. போதாக்குறைக்கு ஒன்றைத் தானே மிதித்துக்கொண்டு நின்றார்.

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"மூல போச்சு, மூல போச்சு..."

"யாரு கையில, யாரு கையில?" அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள் நாத்தனார்.

இந்தக் கேள்விக்குப் பழைய அடி எதுவும் இல்லை. லாரிக்காரர் இதுவரை அந்தப் பாட்டுக்குள் வந்ததே இல்லை. பாட்டுக்காரரின் இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போட்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

"நாளைக்கு... நாளைக்கு..." அதையும் ராகத்திலேயே பாடினார், தாளம் நின்றுவிடாமல், இடத்தை நிரப்பிக்கொண்டே. சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு... அண்ணன்... அண்ணன் கையில -

விரிப்ப மடிக்கத் தெரியல - என்ன
வீட்ட விட்டுக் கூட்டிப் போறாராம்!"

அவர் அதோடு நிறுத்தவில்லை. நெற்றி வியர்த்துக் கொட்ட, சட்டத்தில் தட்டிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியாம விட்டாரு அண்ணன் - இவ
தெரிஞ்சே... தெரிஞ்சே விட்டாளே!"

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. எல்லாம் தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் பாடியிருக்கிறார்.

"போகல... நான் போகல," என்று மெட்டு இறங்குகிற இடத்தில் சரியாக இறக்கி முடித்தார். முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். பதிலுக்குக் காத்திருந்தார்.

லாரிக்காரர் மிதித்த விரிப்பின்மேல் நின்றபடி துண்டைத் தேடினார். அது தோளில்தான் இருந்தது. அவர் பாட்டாகத்தான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், சொல்கிறவரைக்கும் யாரும் நகர முடியாது என்றாள் நாத்தனார் கறாராக. எனக்குப் பாட்டெல்லாம் வராது என்றார். வராவிட்டாலும் பரவாயில்லை, மேஸ்திரிக்கே வராது என்றாள். அவர் தொண்டையைக் கனைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மலைப்பாதை வளைவில் ஹாரன் அடிக்கிற குரலில் பாடினார்.

"விட்டது நான்தான்... மூலைய நான்தான் -
நீ இங்கயே கெடடா, கெட!"

ராகமும் இல்லை, தாளமும் இல்லை. பாட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லாரிக்காரர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. துண்டு முகத்தை மூடியிருந்தது.

அவள் கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். கையில் மூலை இருந்ததே அவளுக்கு நினைவில்லை. அது நழுவிக் கீழே விழுந்தது. இந்தத் தடவை சத்தியமாகத் தெரியாமல்தான் விட்டாள். நிமிர்ந்து பார்த்தால், அவர் ஏற்கெனவே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.